முறுக்கு கடிக்க முடிகிறதா?

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் சைதாப்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குத் தட்டில் முறுக்கு வைத்துவிட்டு, தனக்கு ஒன்றை எடுத்து நாலாக ஒடித்து டபராவில் இருந்த காபியில் போட்டார். அது ஊறிக் குழைந்ததும் ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டார். "ஊறவச்சாத்தான்டா முறுக்குக்கு ருசியே" என்று காரணமும் சொன்னார். பல் செட் எங்கே அத்தை என்று கேட்டதற்கு ஃப்ரிட்ஜ் மேலே கை காட்டினார். பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. திறந்தால் மேல் செட்டும் கீழ் செட்டும் ஒரு காலி மாத்திரை அட்டையோடு காய்ந்து கிடக்கின்றன.

"அதைப் போட்டா வாய்க்குள்ள செருப்பைப் போட்ட மாதிரி இருக்கு. யாருக்கு வேணும்?"

அத்தைக்கு 76 வயது. கேஸ் புக் பண்ணியாச்சா என்று அன்று சாயங்காலத்துக்குள் என்னிடம் மூன்று தடவை கேட்டார். இந்த மறதிக்கும் அந்த டப்பாவுக்கும் சம்பந்தம் இருக்குமா? மேலுக்குப் பார்த்தால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கேள்விதான். ஆனால் ஸ்வீடன், ஜப்பான், அமெரிக்கா என்று பல இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்திருக்கும் பதில் நேரானதும் இல்லை, ஒதுக்கித் தள்ளக்கூடியதும் இல்லை.

2012-இல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனத்தையும் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் செய்தது. 77 வயதும் அதற்கு மேலும் ஆன 557 பேரிடம் ஆப்பிள் மாதிரி கெட்டியான பொருளை மெல்வதில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றவர்களிடம் நினைவு, சிந்தனைக் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டது. வயது, படிப்பு, மனநலம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மெல்லுவது சொந்தப் பல்லாலா, கட்டிய பல்லாலா என்பது பெரிய வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. வாயில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணுவதைவிட, அந்த வாய் மெல்லுகிறதா என்று கேட்பதே சரியான கேள்வி போலத் தெரிகிறது.

ஆப்பிள் அவர்கள் ஊர்ச் சரக்கு. சைதாப்பேட்டைக்கு முறுக்கு, கொய்யாக்காய், வறுத்த வேர்க்கடலை என்று மாற்றிக்கொள்ளலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெல்லும் திறனை அளக்க 1950-இலேயே அமெரிக்காவில் மேன்லி, பிராலி என்ற இருவர் வேர்க்கடலையைத்தான் பயன்படுத்தினார்கள். குறிப்பிட்ட தடவை மென்றுவிட்டுத் துப்பச் சொல்வது, துப்பியதைச் சல்லடையில் சலிப்பது, எவ்வளவு தூள் கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான் சோதனை. இப்போது இரண்டு நிற சூயிங்கத்தைக் கொடுத்து, நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணினியில் பார்க்கிறார்கள். சல்லடை வேலை மிச்சம்.

சரி, மெல்வதற்கும் மூளைக்கும் என்ன?

சோற்றில் ஒரு சின்னக் கல் அகப்பட்டால் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். பல்லில் 'நறுக்' என்றதும் தாடை பாதி வழியில் நின்றுவிடும். கல் என்று மனசு சொல்வதற்கு முன்பே நின்றுவிடும். பல் எலும்பில் சிமெண்ட் வைத்துப் பதித்தது போல இல்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல் அதில் தொட்டில் மாதிரி தொங்குகிறது. அந்தப் படலத்துக்குள் இருக்கும் உணர்விகள் அழுத்தத்தை, திசையை, கடினத்தை டிரைஜெமினல் என்ற நரம்பு வழியாக மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மூளை அதை வைத்து அடுத்த கடிக்கு எவ்வளவு பலம் வேண்டும், நாக்கு கவளத்தை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் ஒரு வேளைச் சாப்பாட்டை முடிப்பது சாதாரணக் காரியம் இல்லை. மெல்லும்போது படம் பிடித்த மூளை ஸ்கேன்களில், அசைவையும் தொடு உணர்வையும் கவனிக்கும் பகுதிகளில் ரத்த ஓட்டம் ஏறுவது தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

பல்லைப் பிடுங்கினால் அந்த நார்ப்படலமும் அதோடு போய்விடும். செட் மாட்டிக்கொண்டாலும் அது ஈறின் மேல் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக்தான். தகவல் வரும், ஆனால் மங்கலாக வரும். முழு செட் போட்டவர்களின் கடிக்கும் விசை, சொந்தப் பல் உள்ளவர்களுடையதில் கால்வாசி அளவுக்குத்தான் இருக்கும். அத்தை சொன்ன செருப்பு உவமை உடற்கூறியல்படியும் சரியாகத்தான் இருக்கிறது. வெறுங்காலில் தரை தெரிகிற அளவுக்குச் செருப்புக் காலில் தெரியாது.

மனிதர்களிடம் செய்ய முடியாததை எலிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். வேகமாக முதுமையடையும் ஒருவகைச் சுண்டெலி உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களின் கடைசியில் அவற்றின் கடவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடிக் கண்டுபிடிக்கவிட்டார்கள். பல் போன எலிகள் வழியை மறந்து தடுமாறின. ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் நரம்பணுக்களும் குறைந்திருந்தன. வேறு சோதனைகளில் பல்லைத் தொடவே இல்லை. தீவனத்தை மாவாக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே நினைவுப் பகுதியில் பாதிப்பு தெரிந்தது. எலி எலிதான், அத்தை அத்தைதான். ஆனால் மாவாக்கிய தீவனம் என்றதும் எனக்கு நம் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது.

நம் வீடுகளில் பல் போன பெரியவர்களுக்கு என்ன செய்கிறோம்? சாதத்தை இன்னும் இரண்டு விசில் விட்டு, ரசம் ஊற்றி, கையால் மசித்துத் தருகிறோம். காலையில் இட்லி, ராத்திரி இட்லி, நடுவில் கஞ்சி, காபியில் நனைத்த பிஸ்கட். எல்லாம் பாசத்தில் செய்வதுதான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டில் இருந்து என்னென்ன காணாமல் போனது என்று பாருங்கள். கீரைத் தண்டு, பீன்ஸ், கேரட், பழத்தோல், கொட்டை, கறி, சுண்டல். மிஞ்சியது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதமும் நார்ச்சத்தும் இறங்கும், சர்க்கரை ஏறும். இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், பெரியவர்களில் 11.4 சதவீதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்த தேசிய ஆய்வு 2023-இல் கணக்குச் சொன்னது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கஷ்டமாக்கும். இந்தப் பக்கம் சர்க்கரை நோயே டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி. எலிச் சோதனை எதுவும் இல்லாமலே மெல்வதையும் மறப்பதையும் இணைக்கும் பாதை ஒன்று இங்கேயே இருக்கிறது. என் கணிப்பில் சென்னைக்கு மிகவும் பொருந்தும் பாதையும் இதுதான்.

இன்னொரு பாதை கிருமி. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியாவின் தடயங்களை, டிமென்ஷியா வகைகளில் ஒன்றான அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் கண்டதாக 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. வாட்ஸப் வரைக்கும் அந்தச் செய்தி பரவியது. அந்தக் கிருமியின் நச்சுப் புரதத்தைத் தடுக்கும் மருந்து ஒன்றை 643 பேரிடம் சோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தபோது மறதி முற்றுவதை அது தடுக்கவில்லை. இது வாட்ஸப் வரைக்கும் வரவில்லை. பல் துலக்கினால் அல்சைமர் வராது என்று இன்னும் யாராவது ஃபார்வர்ட் செய்தால் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்து அனுப்பலாம்.

மனிதர்களைப் பற்றிய பெரிய கணக்குகளில் ஒன்று, நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் வெளியிட்டது. ஏற்கெனவே நடந்த 14 நீண்டகால ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். மொத்தம் 34,074 பேர். பல் அதிகம் இழந்தவர்களுக்கு அறிவாற்றல் குறையும் வாய்ப்பு 1.48 மடங்கு, டிமென்ஷியா வரும் வாய்ப்பு 1.28 மடங்கு. ஒவ்வொரு பல் கூடுதலாகப் போகும்போதும் அறிவாற்றல் குறையும் அபாயம் 1.4 சதவீதம் ஏறியது. இது ஒப்பீட்டுக் கணக்கு, கவனம். ஒரு பல் போனால் நூறு பேரில் ஒருவருக்கு மறதி வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே இருக்கும் அபாயம் ஒரு துளி கூடுகிறது, அவ்வளவுதான்.

அதே கணக்கில் பல் செட்டைப் பற்றியும் ஒரு விஷயம் இருந்தது. பல் இழந்து செட் போடாதவர்களில் 23.8 சதவீதம் பேருக்கு அறிவாற்றல் குறைபாடு. செட் போட்டவர்களில் 16.9 சதவீதம். அடுத்த நிமிஷமே ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து அத்தை வாயில் மாட்டிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

யார் செட் கட்டிக்கொள்கிறார்கள்? காசு இருப்பவர்கள். கூட்டிக்கொண்டு போக ஆள் இருப்பவர்கள். நாலைந்து தடவை அலையத் தெம்பு இருப்பவர்கள். புதுச் சாமானை வாயில் வைத்துப் பழகும் அளவுக்கு மூளை தெளிவாக இருப்பவர்கள். இவர்களுக்கு எப்படியும் மறதி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். யாருக்குப் பல் போகிறது என்பதிலும் இதே கதைதான். நம் ஊரில் கடவாய்ப் பல் வலித்துக்கொண்டு ஒருவர் போனால் இரண்டு வழி சொல்வார்கள். ரூட் கெனால் செய்து கேப் போடலாம், இல்லாவிட்டால் பிடுங்கிவிடலாம். விலை வித்தியாசத்தைக் கேட்டதும் "பிடுங்கிடுங்க டாக்டர்" என்று சொல்பவர் யார் என்று நமக்குத் தெரியும். படிப்புக் குறைவு, வறுமை, புகையிலை, பார்க்காமல் விட்ட சர்க்கரை, இவையெல்லாம் பல்லையும் தின்னும், மூளையையும் தின்னும். அப்படியானால் பொக்கை வாய் என்பது மறதிக்குக் காரணம் இல்லாமல், ஒரு வாழ்நாள் கஷ்டத்தின் ரசீதாக மட்டும் இருக்கலாம். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் பார்க்கிறார்கள். முழுசாகக் கழிக்க முடியாது.

அப்புறம், அம்பு எதிர்த் திசையிலும் பாயும். மறதி ஆரம்பித்தவர் ராத்திரி பல் துலக்குவதை விட்டுவிடலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. டாக்டரிடம் போகும் தேதி நினைவிருக்காது. டிமென்ஷியா என்று பெயர் வைப்பதற்குப் பல வருடம் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுவதால், பல் முதலில் போனதா நினைவு முதலில் போனதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

தடுக்கக்கூடிய அல்லது தள்ளிப்போடக்கூடிய டிமென்ஷியாக் காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் 14 விஷயங்களைப் பட்டியலிட்டது. காது மந்தம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை, கண் பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. பல் இல்லை. அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் பட்டியலில் தனிமை இருக்கிறதே, அதைப் பல்லோடு வைத்துப் பாருங்கள். அத்தை கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன மாசம்தான் அசல் காரணம் வெளியே வந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இவர் மெல்லுவதையே பார்க்கிறாளாம். பேசினால் காற்றுப் போகிறதாம். 'பல் போனால் சொல் போச்சு' என்ற பழமொழி உச்சரிப்பைப் பற்றியது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். முதியோர் மருத்துவத்தில் சென்னைதான் முன்னோடி. நாட்டிலேயே முதலில், 1978-இல், முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கியது இங்கே, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில்தான். டாக்டர் வி. எஸ். நடராஜன் தொடங்கியது. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையமும் வந்துவிட்டது. வீட்டில் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் முதலில் போக வேண்டியது பல் டாக்டரிடம் இல்லை, இந்த மாதிரி இடத்துக்கு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. அத்தைக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்.

பல்லைப் பார்ப்பதும் கூடவே நடக்கலாம். அதில் நேரம் முக்கியம். புது செட்டுக்குப் பழகுவது நாக்கும் கன்னமும் மூளையும் சேர்ந்து கற்கும் வித்தை. மறதி முற்றியவருக்கு அந்தப் புதுப் பாடம் ஏறாது, கழற்றி எறிந்துவிடுவார். மறதி லேசாக இருக்கும்போதே, முடிந்தால் அதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். ஏற்கெனவே பழகிய செட் தேய்ந்திருந்தால், அதே வடிவத்தை அச்செடுத்துப் புதுசு செய்வதும் உண்டு. வாய்க்குப் பழைய வீட்டுக்கே போன மாதிரி இருக்கும். ஜப்பானில் 1989-இலேயே '8020' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 80 வயதில் 20 சொந்தப் பல். ஆரம்பத்தில் பத்தில் ஒருவருக்குக்கூட அது இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் எட்டிவிட்டார்கள். நம் கிழடுகளுக்கு அந்த வண்டி போய்விட்டது. நாற்பதுகளில் இருக்கும் நமக்கு இன்னும் போகவில்லை.

அத்தையின் செட் ஏன் அப்படி ஆடியது என்ற கதை சின்னது. பல் பிடுங்கிய கையோடு அவசரமாகக் கட்டித் தந்திருக்கிறார்கள், பக்கத்துத் தெரு கிளினிக் ஒன்றில். பல் போனபின் தாடை எலும்பு கரையும், முதல் வருடத்தில்தான் அதிகம். அச்செடுத்த ஈறு ஒன்று, இப்போது இருக்கும் ஈறு வேறு. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிமானமும் இல்லை, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். செட்டின் உள்பக்கம் புதிதாக ஓர் அடுக்கு கொடுத்துச் சரிசெய்யலாம். முடியாவிட்டால் கீழ்த் தாடை எலும்பில் இம்ப்ளாண்ட் என்ற திருகு இரண்டைப் பதித்து, பட்டன் மாதிரி அதில் செட்டை மாட்டலாம். எலும்பும் உடம்பும் பையும் ஒத்துழைத்தால். விழுங்கும்போது புரையேறும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இதெல்லாம் முடிந்ததும் முறுக்கைக் கொடுத்துவிடக் கூடாது. முதலில் விழுங்குவதை டாக்டர் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாயில் போனால் வினை.

சைதாப்பேட்டையில் பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயில் ஏறினால் ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்கலாம். எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி, பேத்தி வயசு, அத்தையின் கீழ் ஈறை விரலால் தடவிப் பார்த்து, "பாட்டி, எங்க குத்துதுன்னு சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுச் செட்டில் பென்சிலால் குறித்து உரசினாள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், காய விட்டால் வளைந்துவிடும் என்றாள். அத்தை என்னைப் பார்த்தார். நான் ஐஸ்கிரீம் டப்பாவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முதல் வாரம் இட்லி, அடுத்து வெந்த பீன்ஸ், பிறகு சப்பாத்தி. இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லப் பழக வேண்டும், ஒரு பக்கமாக மென்றால் செட் தூக்கிக்கொள்ளும். அத்தை இப்போது மேல் செட்டைக் காலையிலிருந்து போடுகிறார். கீழ் செட்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும். கொய்யாவை மெலிசாக நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தால் அரைப் பழம் உள்ளே போகிறது. கேஸ் புக் பண்ணியாச்சா என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவைதான் கேட்டார். ஊசியா, கொய்யாவா, இல்லை சிலிண்டர் வந்துவிட்டதாலா தெரியவில்லை. இடது பக்கம் இன்னும் குத்துகிறதாம். வியாழக்கிழமை மறுபடி ஃபோர்ட் ஸ்டேஷன் போக வேண்டும்.